ஒன்பது அடி வராந்தா

நான் வரைந்து கொடுத்துக் கட்டிய முதல் பள்ளியில், திறந்து ஆறு மாதம் ஆவதற்குள் டீச்சர்கள் பீரோக்களை வரிசையாக நிறுத்திச் சுவர் எழுப்பிவிட்டார்கள். வத்தலக்குண்டு பக்கம் ஒரு சின்னப் பள்ளி, பெயர் வேண்டாம். மூன்று வகுப்புகளுக்கு நடுவில் சுவரே இல்லாமல் அறுபது அடி நீளத்துக்கு ஒரே கூடமாக வரைந்திருந்தேன். பிள்ளைகள் கலந்து உட்காரட்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு அண்ணன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், கணக்கும் அறிவியலும் ஓவியமும் ஒன்றோடொன்று கலக்கட்டும் என்பதுதான் எண்ணம். படித்து முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்டினார்கள்.

பீரோ வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பச்சை ஸ்டீல் பீரோக்கள், இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. முதுகில் உயிரெழுத்துச் சார்ட்டும் செடியின் பாகங்களும் ஒட்டியிருந்தன. பீரோவுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் பழைய பெட்ஷீட் தொங்கியது. நான்காம் வகுப்பு டீச்சர் எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மேடம். கட்டடம் அழகாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க காதுல ஒண்ணும் விழ மாட்டேங்குது. அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னா இந்தப் பக்கம் நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்."

கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தேன். சத்தம் அடங்கவே நேரமானது. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சிமெண்ட் பூசிய சுவர், எல்லாமே கெட்டியான பரப்பு. எழும்பிய சத்தம் எதிலும் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 2002-இல் வகுப்பறை ஒலிக்கென்று ஒரு தர அளவு கொண்டுவந்தார்கள். சாதாரண வகுப்பறையில் எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும், பிள்ளைகள் இல்லாதபோது அறையில் இருக்கும் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கிறது. எனக்கு அது கல்லூரியில் ஒரு மார்க் கேள்வி. பீரோக்களைப் பார்த்த அன்றுதான் உறைத்தது.

தமிழ் வகுப்பில் இது இன்னும் கஷ்டம். வாலை, வாழை, வாளை மூன்றும் எதிரொலிக்கும் கூடத்தின் கடைசி வரிசையில் ஒன்றுதான். பெரியவர்களாகிய நாம் வாக்கியத்தை வைத்து விட்ட எழுத்தை நிரப்பிக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லே புதிது, அது எதை வைத்து நிரப்பும்? அப்படிப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் நான் பெரிய இடைஞ்சல் செய்திருக்கிறேன். டீச்சர்கள் பீரோவை வைத்து அதைச் சரி செய்திருக்கிறார்கள். அவர்களிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

1960-களிலும் 70-களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே மாதிரி சுவரில்லாப் பள்ளிகளை நிறையக் கட்டினார்கள். சத்தம் தாங்காமல் பிற்பாடு பலவற்றில் தடுப்பு வைத்தார்கள். சேர்ந்து கற்பது என்றவுடன் சுவரை எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் போலிருக்கிறது. இப்போது யாராவது என்னிடம் ஒரு பள்ளிப் படத்தைக் காட்டி, "இங்கே சுவரே இல்லை, பாருங்கள்" என்றால், மழை பெய்யும்போது அங்கே போய் நின்று கேட்டீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மழை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வருடமாக நான் கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடையில் ஒரு பள்ளிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஒன்று முதல் எட்டு வரை, நூற்றிச் சொச்சம் பிள்ளைகள். எல்லாம் பூண்டும் உருளையும் கேரட்டும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள். பழைய கட்டடத்துக்குத் தகரக் கூரை. ஐப்பசி கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். "மழை வந்தா எழுத்து வேலைதான்" என்று அங்கே வெகு சாதாரணமாகச் சொல்கிறார்கள். வருடத்தில் எத்தனை மதியங்கள் அப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புதுக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க ஊர்ச் சாவடியில் ஒரு கூட்டம் போட்டோம். பெரிய டீச்சர் தாம் விரும்புவதைச் சொன்னார். பிள்ளைகள் குழுவாக வேலை செய்ய வேண்டும், ஒரே விஷயத்தைக் கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் சமூக அறிவியல் சாரும் சேர்ந்து எடுக்க வேண்டும், வகுப்பு வித்தியாசம் பார்க்காமல் பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தலையில் மப்ளர் சுற்றியிருந்தார், சொன்னார்: "பிள்ளைங்க ஒண்ணா உக்காந்து படிக்கிறதுக்கு என்னத்துக்குத் தாயி தனியா ஒரு ஹாலு? மந்தையில உக்காந்தா படிக்க மாட்டாங்களா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஊர்ப் பொதுவிடமான மந்தையில் என்ன இருக்கிறது? ஒரு மேடை. ஒரு மரம். பக்கத்தில் குழாய். அது யாருக்கும் சொந்தமில்லாத இடம், எல்லோரும் கடந்து போகிற இடம். ஒருவர் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தால் போகிறவர் நின்று பார்க்கலாம், ஒரு வார்த்தை சொல்லலாம், உட்கார்ந்து கை கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். வேலை கண்ணுக்குத் தெரிகிறது. யாரையும் யாரும் கூப்பிட்டுச் சேர்க்கவில்லை. வீடுகளுக்கோ கெட்டியான சுவரும் கதவும் இருக்கின்றன, தனியாக இருக்க வேண்டியவர் உள்ளே போய்விடலாம். நான் முதல் பள்ளியில் வீட்டை இடித்து மந்தையாக்கியிருந்தேன். செய்திருக்க வேண்டியது, வீட்டை வீடாக விட்டு அதன் வாசலில் மந்தையைக் கொண்டுவருவது.

அப்படித்தான் வராந்தாவுக்கு வந்து சேர்ந்தேன். பள்ளி வராந்தா வழக்கமாக ஆறடி அகலம், நடக்க மட்டும். ஆறடியில் ஒரு மேசை போட்டால் வழி அடைபடும். ஒன்பது அடியாக்கினால் மூன்றடி மேசை போட்டு, அதைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று வேலை செய்ய, பின்னால் இரண்டு பேர் ஒதுங்கி நடக்க இடம் இருக்கிறது. இருபதுக்கு இருபது வகுப்பறை மூன்று ஒரு வரிசையில் வந்தால் சுவரோடு 64 அடி நீளம். இரண்டு வரிசை. வரிசைக்கு மூன்றடி கூட்டியதற்கு மொத்தம் 384 சதுர அடிதான் ஆகிறது, ஒரு வகுப்பறையின் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. கமிட்டியில் இதற்கு ஒரு மாதம் விவாதம் நடந்தது. அந்தக் காசுக்குத் தனியாக ஒரு ஸ்மார்ட் கிளாஸ் கட்டலாமே என்றார்கள். தனி அறை என்றால் அதற்கு ஒரு பூட்டு வரும், பூட்டுக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு பொறுப்பாளர், வாரத்தில் ஒரு பீரியட். வராந்தாவுக்குச் சாவி கிடையாது. கடைசியில் பெரிய டீச்சர்தான் எனக்காகப் பேசி முடித்துக் கொடுத்தார்.

நிலம் தெற்கே சரிந்த நிலம். அது எங்கள் அதிர்ஷ்டம். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் நின்று பார்த்தால் பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்குவது தெரியுமே, அதே போல இரண்டு படியாக மண்ணை வெட்டி, படிக்கு ஒரு வரிசையாகக் கட்டடத்தை வைத்திருக்கிறோம். மலைப்பகுதியில் உயரம் ஏழு மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இருப்பதால் மாடி மேல் மாடி என்ற எண்ணமே எழவில்லை. அது நல்லதுதான். எல்லாப் பிள்ளைகளும் தரையோடு இருக்கிறார்கள்.

தரையோடு இருப்பது ஏன் முக்கியம் என்று தமிழ்நாட்டில் பள்ளி வரைகிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 குழந்தைகள். சமையலறையில் பிடித்த தீ, கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு. அன்று நான் பள்ளி மாணவி. எங்கள் வகுப்பில் டீச்சர் பாடம் எடுக்காமல் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஒவ்வொரு பள்ளிப் படத்திலும் நான் முதலில் போடுகிற கோடு பிள்ளைகள் வெளியேறும் வழிதான். இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு கதவு, ஒன்று வராந்தாவுக்கு, இன்னொன்று பின்பக்கம் நேராக வெளியே. இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கும். புதுக் கட்டடத்துக்கும் தகரக் கூரைதான். அதற்கு அடியில் சத்தத்தைக் குடிக்க முதலில் தென்னை நார்ப் பலகைதான் எழுதியிருந்தேன். விலையும் குறைவு. பெரிய டீச்சர் அந்த வரியில் விரலை வைத்து, "நாரா? தீப்பிடிக்காதா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. ராக்வூல் என்று மாற்றினேன். கல்லை உருக்கி இழையாக இழுத்துச் செய்வது, எரியாது. செலவு கூடியது, கூடட்டும். தகரத்துக்கும் கீழே உள்ள பலகைக்கும் நடுவில் அந்தப் பஞ்சை அடைத்தால் மழைச் சத்தமும் குறைகிறது, குளிரும் குறைகிறது. மாதிரிக்குப் பழைய கட்டடத்தில் ஒரு அறைக்கு மட்டும் போட்டு, ஐப்பசி மழையில் உள்ளே உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசிப் பார்த்தோம். கேட்டது.

வகுப்புக்கும் வராந்தாவுக்கும் நடுவில் உள்ள சுவர்தான் இந்தக் கட்டடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். அதில் தரையிலிருந்து இரண்டரை அடியில் ஒரு சன்னல், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் மட்டம். கண்ணாடி திறக்காது. சத்தம் வராது, பார்வை போகும். வராந்தாவில் நான்கு பேரை வேலைக்கு அனுப்பிவிட்டு டீச்சர் உள்ளே மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கலாம், கண்ணை விட்டு யாரும் மறைய மாட்டார்கள். இதைச் சொன்னபோதுதான் டீச்சர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்ப அவர்களுக்குத் தயக்கமே இல்லை, யாராவது விழுந்து அடிபட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அந்தச் சுவரின் வராந்தாப் பக்கத்தில் மாடக்குழிகள். நம் பழைய வீடுகளில் விளக்கு வைப்பதற்கு இருக்குமே, அதேதான், கொஞ்சம் பெரிதாக. அகலம் ஒன்றரை அடி, ஆழம் பத்து அங்குலம், வகுப்புக்கு எட்டு. எதற்கென்றால், பாதி முடிந்த வேலையை வைக்க. பிள்ளைகள் சேர்ந்து செய்கிற எந்த நல்ல வேலையும் நாற்பது நிமிடத்தில் முடியாது. களிமண் காய வேண்டும், விதை முளைக்க வேண்டும், வரைபடத்துக்கு நாளைக்கு இன்னொரு அளவு எடுக்க வேண்டும். ஆனால் வகுப்பறையில் மணி அடித்தால் மேசையைக் காலி செய்தாக வேண்டும், அடுத்த பீரியட் காத்திருக்கிறது. வைக்க இடமில்லாததால் டீச்சர்கள் ஒரே பீரியடில் முடிகிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள், அப்படி முடிகிற வேலை பெரும்பாலும் ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும்தான். குழுவாகக் கற்றல் பற்றி எத்தனையோ பயிற்சிகள் நடக்கின்றன, இந்த ஒரு இடப் பிரச்சினையை யாரும் பேசிக் கேட்டதில்லை. அப்புறம், மாடக்குழியில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். ஆறாம் வகுப்பின் பாதி வேலையை இரண்டாம் வகுப்பு தினமும் கடந்து போகும்.

எட்டு வைத்தது போதாது என்று இப்போதே டீச்சர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். வராந்தாவின் இரு கோடியிலும் எட்டு அடி நீளத்துக்கு ஒரு கல் தொட்டி, மூன்று குழாய், மூன்று உயரத்தில். சின்னவர்களுக்கு ஒன்றே முக்கால் அடி, நடுவில் இரண்டேகால், பெரியவர்களுக்கு இரண்டே முக்கால். பழைய பள்ளியில் தண்ணீர் கழிப்பறைப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதனால் வண்ணம் கரைப்பதா, மண்ணைக் கரைத்து வடிகட்டிப் பார்ப்பதா, பூண்டைக் கழுவித் தோலுரித்து எடை போடுவதா, எதற்கும் ஒரு பிள்ளை வாளியோடு மழையில் ஓட வேண்டும். இரண்டு தடவை ஓடிய பிறகு யாரும் அந்த வேலையைத் தொட மாட்டார்கள். வகுப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தால் எல்லாப் பாடமும் கையால் செய்கிற பாடமாக மாறக்கூடும் என்று நம்புகிறேன். தொட்டித் தண்ணீர் கீழ்ப் படியில் உள்ள பீன்ஸ் பாத்திக்குப் போகிறது.

இதெல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்த யோசனை மாதிரி தோன்றும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்து மாண்டிசோரிப் பள்ளி ஒன்றை ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960-களில் கட்டினார். அதன் நடுக்கூடத்தில் ஒரு செங்கல் மேடை இருக்கிறது, பிள்ளைகள் அதில் உட்காருவார்கள், நாடகம் போடுவார்கள். கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் வியந்தோம். மந்தைப் பெரியவரின் கேள்விக்குப் பிறகுதான், அது நம் ஊர் மேடை என்று எனக்குத் தெரிந்தது. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் பழகிய வழக்கம். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகளே சின்னவர்களுக்குக் கற்பிக்கும் அவருடைய முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடுதான் இங்கிலாந்து போனது. அவ்வளவு ஏன், நம் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி நான்கைந்து வருடத்தில் மாநிலம் முழுக்கப் போனது, பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், சுவரின் அடியில் அவர்கள் கைக்கு எட்டும் கரும்பலகை வந்தது, தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தது தொங்கியது. கம்பிப் பந்தலை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன், வராந்தா முழுக்க. பாயை மட்டும் எடுக்க முடியவில்லை. மார்கழியில் இந்த ஊர்த் தரையில் உட்கார முடியாது. அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய சின்ன மேசைகள், சில்வர் ஓக் பலகையில்.

குளிருக்காகத்தான் வராந்தாவின் தெற்கு ஓரத்தைக் கொடைக்கானல் பங்களாக்களில் இருப்பது போலக் கண்ணாடிச் சன்னல் வைத்து அடைத்திருக்கிறோம். கீழே கைப்பிடிச் சுவர், அதுவே திண்ணை. டிசம்பரில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வரும், வராந்தாவுக்குள் ஏறக்குறைய ஆறடிக்கு இறங்கும். கல் சுவரும் தரையும் அதைக் குடித்துக்கொண்டால் மதியத்துக்கு மேல் வகுப்பை விட வராந்தாதான் கதகதப்பாக இருக்கும். பிள்ளைகள் தானாக அங்கே வருவார்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் தலைக்கு மேலோ வடக்கிலோ இருப்பதால் நண்பகல் வெயில் உள்ளே வராது.

இந்த வெயில் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் தட்டுப்பட்டது, இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். வராந்தாக் கூரையில் பத்தடி உயரத்தில் மிளகு அளவுக்கு ஒரு துளை போட்டு, மேலே கண்ணாடி ஓடு ஒன்றை வைத்து மூடினால், நண்பகலில் சூரியனின் உருவம் தரையில் ஒரு வட்டமாக விழும். எங்கள் ஊர் ஏறக்குறைய வட அட்சரேகை 10.2 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 22 வாக்கில் அந்த வட்டம் துளைக்கு நேர் கீழிலிருந்து வடக்கே ஆறரை அடிக்குச் சற்று மேல் தள்ளி விழும். ஜூன் 21 வாக்கில் தெற்கே இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவாக. கூட்டினால் ஒன்பது அடி. வராந்தாவின் அகலம்! மேசைக்கும் நடைக்கும் பார்த்து வைத்த ஒன்பது அடி, சூரியன் ஒரு வருடம் நடக்கிற தூரத்துக்கும் சரியாக வந்து நின்றது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதே விடை.

வட்டத்தின் அகலம் 28 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், பத்து ரூபாய் நாணயம் அளவு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஒரு நாள் அது துளைக்கு நேர் கீழே விழும், அன்று வெளியில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. கிரகணத்தன்று வட்டம் பிறையாகும். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் திண்டுக்கல் வழியாகத்தான் போனது, இப்படி ஒரு துளை அந்தப் பாதையில் இருந்திருந்தால் தரையில் ஒரு மோதிரம் விழுந்திருக்கும். இங்கே சூரியன் உச்சிக்கு வரும் நண்பகல் 12 மணிக்கு வராது, சராசரியாக 12.20-ஐ ஒட்டி வரும். ஏன் என்று கேட்டால் இந்திய நேரம் எந்தத் தீர்க்கரேகைக்குக் கணக்கு என்று சமூக அறிவியல் சார் சொல்ல வேண்டும். வட்டம் ஏன் நகர்கிறது என்று அறிவியல் டீச்சர், எவ்வளவு நகரும் என்று கணக்கு டீச்சர், தை பிறந்தால் உத்தராயணம் என்கிறோமே, வட்டம் திரும்பியது டிசம்பரில்தானே என்று தமிழ் ஐயாவிடம் ஒரு பிள்ளை கேட்கும். கொடைக்கானலில் 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வகம் இருக்கிறது, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அதே சூரியன் எங்கள் வராந்தாவிலும் தினமும் விழட்டும்.

மழைக்கும் ஒன்று செய்திருக்கிறோம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி மாதிரியான பைப். மழையில் தண்ணீர் ஓடுவது தெரியும். ஒரு வரிசைக் கூரை 185 சதுர மீட்டர் வாக்கில், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 185 லிட்டர். நீலகிரியில் கேத்தியில் 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழை எங்கள் ஒரு கூரையில் விழுந்தால் ஒன்றரை லட்சம் லிட்டர். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய எதற்கு இத்தனை ஓட்டை என்று கேட்ட ஏழாம் வகுப்புப் பையனிடம் இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, "அப்ப இன்னும் ரெண்டு ஓட்டை வைங்க அக்கா" என்றான். வைத்தோம்.

ஆசிரியர் அறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமாக அது தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில், ஒரு மூலையில் இருக்கும். நாங்கள் இரண்டு வரிசைக்கும் நடுவில் படி ஏறுகிற திருப்பத்தில் வைத்திருக்கிறோம், இரண்டு வராந்தாவும் அங்கிருந்து தெரியும், தேநீர் அடுப்பும் அங்கேதான். பத்தே முக்கால் மணிக்கு ஒரு தம்ளர் டீயோடு நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் கணக்கு டீச்சருக்கு அறிவியல் டீச்சர் என்ன நடத்துகிறார் என்று தெரிய வரும். கால அட்டவணையிலும் புதன், வெள்ளி கடைசி இரண்டு பீரியடை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காமல் விட்டிருக்கிறார் பெரிய டீச்சர். அது அவர் செய்தது, கட்டடத்தால் அதைச் செய்ய முடியாது.

இப்போது மேல் வரிசைச் சுவர் முடிந்துவிட்டது, கூரைக்கு இரும்பு ஏற வேண்டும். மணல், கம்பி எல்லாம் கீழிருந்து லாரியில் வர வேண்டும், மழையில் ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. மேஸ்திரி அண்ணனிடம் துளைக் கதையைச் சொன்னபோது முழுக்கக் கேட்டுவிட்டு, "துளை இம்மி தப்பினா வட்டம் எங்க போகும்?" என்று மட்டும் கேட்டார். துளை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு தள்ளும் என்றேன். தூக்குக்குண்டைத் தானே பிடிப்பதாகச் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 22-க்குள் அந்த ஓரக் கூரையாவது ஏறிவிட வேண்டும் என்பதுதான் இப்போது எங்கள் இருவருக்கும் கெடு. அன்று நண்பகல் 12.19-ஐ ஒட்டி வரும். எட்டாம் வகுப்பு சாக்பீஸோடு காத்திருக்கும், வட்டம் சுவரடியில் வந்து விழும் இடத்தில் ஒரு பித்தளை ஆணி அடிக்கப் போகிறோம். வானம் மூடியிருந்தால் 23, அன்றும் மூடியிருந்தால் 24. மேஸ்திரி அதற்குக் கவலைப்பட்டார், ஆனால் அந்த மூன்று நாளில் வட்டம் மேஸ்திரிக் கணக்கில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூட நகராது.